சக வீரர் முந்தினார், பந்து கூடைக்குள் விழுந்தது: அந்தப் புள்ளி செல்லுமா?

கூடைப்பந்து நடுவராக இரண்டு ஆண்டுகள் நின்றிருக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் இடமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆட்டத்தின் விவரங்களை மட்டும் தருகிறேன்.

16 வயதுக்குட்பட்டோர் தொடரின் அரையிறுதி. அவர்தான் முதன்மை நடுவர். உடன் நின்றவர் வயதிலும் அனுபவத்திலும் அவருக்கு இளையவர். நான்காம் கால்பகுதியில் 41 வினாடிகள் மிச்சம். வெள்ளை அணி 52, நீல அணி 53. வெள்ளை அணி வீரருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு, கிடைத்தது. முதலாவது தவறியது. இரண்டாவதுக்காக அவர் கையை உயர்த்தும்போதே ரீபவுண்டுக்கு (தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்க) நின்ற அவருடைய சக வீரர், கூடைக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கால் வைத்துவிட்டார். பந்து சுத்தமாகக் கூடைக்குள் விழுந்தது. நம் வாசகர் விசில் ஊதி, புள்ளியை ரத்து செய்து, பக்கவாட்டிலிருந்து த்ரோ-இன் (எல்லைக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிவது) எடுக்கும்படி பந்தை நீல அணிக்குக் கொடுத்தார். 12 வினாடி ஆட்டத்துக்குப் பிறகு பந்து எல்லைக்கு வெளியே போனபோது உடன் நடுவர் அருகில் வந்து, "அண்ணா, அந்தப் பாயிண்ட் செல்லும்னு நினைக்கிறேன்" என்றார். "இப்ப வேணாம், விடு" என்று சொல்லி இவர் ஆட்டத்தைத் தொடரவிட்டார். 53–52 என்று நீல அணி வென்றது.

அவர் கேட்பவை இவை. என் முடிவு தவறா? வெள்ளை அணி புகார் கொடுத்தால் முடிவு மாறுமா? தவறை ஒப்புக்கொண்டால் இனி யாராவது எனக்கு ஆட்டம் தருவார்களா? கால் முந்தியதா, கை முந்தியதா என்பதை எப்படித்தான் பார்ப்பது? இளையோர் ஆட்டத்தில் ஒவ்வொரு முந்தலுக்கும் ஊத வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டம் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முடிவு தவறு. அந்தப் புள்ளி செல்லும்.

சக வீரர் முந்தியதை நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது விதிமீறல் என்பதிலும் ஐயமில்லை. பிசகியது அதற்குக் கொடுத்த தண்டனையில். அது எங்கிருந்து வந்தது என்பதையும் உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. எறிபவருக்கு 10 வினாடி உண்டு என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஃபிபா ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததிலிருந்து 5 வினாடிதான். 10 வினாடி என்பது அமெரிக்காவின் என்.பி.ஏ. (தொழில்முறைத் தொடர்), கல்லூரி, பள்ளி ஆட்டங்களின் கணக்கு. எறிபவரின் சக வீரர் முந்தினால் புள்ளியை ரத்து செய்வதும் அந்த விதிப்புத்தகங்களில் இருப்பதுதான். இணையத்தில் கிடைக்கும் நடுவர் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை. அவற்றைப் பார்த்துப் பழகிய கண் நல்ல கண்தான். ஆனால் எந்தப் புத்தகத்துக்கான காணொளி என்று பார்க்காமல் பழகினால், முக்கியமான நேரத்தில் கை வேறொரு நாட்டு விதியைக் காட்டிவிடும்.

யார் மீறினார், பந்து விழுந்ததா

ஃபிபா விதிகளில் 43-வது பிரிவு முழுவதும் ஃப்ரீ த்ரோவுக்கானது. தண்டனைப் பகுதி பார்ப்பதற்குச் சிக்கலாகத் தெரியும். ஆனால் இரண்டே கேள்விகளை இந்த வரிசையில் கேட்டால் போதும்: பந்து விழுந்ததா? மீறியவர் எறிபவரா, வேறு ஒருவரா?

பந்து விழுந்து, மீறியவர் எறிபவராக இருந்தால் புள்ளி இல்லை. அது கடைசி எறிதல் என்றால் ஃப்ரீ த்ரோ கோட்டின் நேர்நீட்சியில், பக்கவாட்டிலிருந்து எதிரணிக்கு த்ரோ-இன். இன்னும் எறிதல் பாக்கி இருந்தால் அடுத்ததுக்குப் போகவேண்டியதுதான்.

பந்து விழுந்து, மீறியவர் வேறு யாராக இருந்தாலும், சக வீரரோ எதிரணி வீரரோ, புள்ளி செல்லும். மீறல் நடக்காதது போலவே ஆட்டம் போகும். கடைசி எறிதல் என்றால் வழக்கம்போல எதிரணி அடிக்கோட்டுக்கு (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பின்னாலிருந்து பந்தை உள்ளே எறியும். உங்கள் ஆட்டத்தில் நடந்திருக்க வேண்டியது இதுதான். 53–53, அடிக்கோட்டிலிருந்து நீல அணிக்குப் பந்து.

பந்து விழாதபோதுதான் மற்றவர்களின் மீறலுக்குத் தண்டனை உயிர்பெறும். எதிரணி முந்தியிருந்தால் அந்த எறிதலுக்குப் பதிலாக இன்னொன்று. இது முதல் எறிதலுக்கும் பொருந்தும், கடைசி எறிதலுக்கும் பொருந்தும். கடைசி எறிதலில் எறிபவரோ சக வீரரோ மீறியிருந்தால் பந்து எதிரணிக்கு. கடைசி எறிதலில் இரு அணியினரும் மீறியிருந்தால் அது ஜம்ப் பால் நிலை, அதாவது பந்து யாருக்கு என்று தீராத நிலை. ஸ்கோர் எழுதும் மேசையில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. "இரு பக்கமும் முந்தினால் எதிரணியின் தவறுதான் பெரிது, மறு எறிதல் கொடுப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு முன்னுரிமை விதியில் இல்லை.

புள்ளி ஏன் செல்லும் என்பதற்கு நீங்கள் ஒரு காரணம் கேட்டிருந்தீர்கள். ரீபவுண்டுக்கு முந்துவதால் கிடைக்கும் லாபம் ரீபவுண்ட் மட்டுமே. பந்து கூடைக்குள் விழுந்துவிட்டால் ரீபவுண்டே இல்லை. லாபம் இல்லாத இடத்தில், எறிந்த வீரரின் புள்ளியைப் பறிக்கத் தேவையில்லை. எறிபவர் கோட்டை மிதிப்பது அப்படியல்ல. அவர் கூடைக்கு இன்னும் அருகிலிருந்து எறிந்திருக்கிறார், அதனால் அவர் புள்ளி போகிறது. இந்தக் காரணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் தண்டனைகளை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

இதிலிருந்துதான் விசிலின் நேரமும் வருகிறது. எறிபவர் கோட்டை மிதித்தால் உடனே ஊதலாம். மற்றவர்கள் முந்தினால் விசிலைப் பல்லில் வைத்துக்கொண்டு பந்து என்ன ஆகிறது என்று பாருங்கள். விழுந்தால் ஊதவே வேண்டாம். தவறினால் அந்த நொடியில் ஊதுங்கள். பந்து காற்றில் இருக்கும்போது அவசரப்பட்டு ஊதிவிட்டாலும், மீறியவர் எறிபவர் அல்ல என்றால் பந்து உயிரோடுதான் இருக்கும். விழுந்தால் புள்ளி செல்லும். ஆனால் பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஊதினால் எறிபவரின் வீச்சை நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.

அந்த 12 வினாடிகள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது புள்ளியை ரத்து செய்தது அல்ல. அது எந்த நடுவருக்கும் நேரக்கூடியது. உடன் நடுவர் வந்து சொன்னபோது நீங்கள் சொன்ன பதில்தான். ஏனென்றால் அந்த நேரத்தில் தவறைத் திருத்த விதியே உங்களுக்கு வழி வைத்திருந்தது.

44-வது பிரிவு, திருத்தக்கூடிய பிழைகளைப் பட்டியலிடுகிறது. தகுதியில்லாத ஃப்ரீ த்ரோவைக் கொடுத்தது, தகுதியான ஃப்ரீ த்ரோவைக் கொடுக்காமல் விட்டது, தவறான வீரரை எறியவிட்டது, புள்ளியைத் தவறாகக் கொடுத்தது அல்லது ரத்து செய்தது. உங்களுடையது கடைசி வகை. இதற்கு ஒரு கால எல்லை உண்டு. பிழைக்குப் பிறகு ஆட்டக் கடிகாரம் ஓடத் தொடங்கி, முதல் தடவை பந்து டெட் ஆகி (ஆட்டம் நின்று), அதன்பின் மறுபடி லைவ் ஆகும் (ஆட்டத்துக்கு வரும்) முன் பிழை கண்டறியப்பட வேண்டும்.

உங்கள் ஆட்டத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். நீல அணியின் த்ரோ-இன்னுக்குப் பிறகு கடிகாரம் ஓடியது. 12 வினாடிக்குப் பின் பந்து வெளியே போனது. அதுதான் முதல் டெட் பால். உடன் நடுவர் வந்தது அந்தச் சமயத்தில். த்ரோ-இன் எடுப்பவர் கையில் பந்து கொடுக்கப்படும்வரை கதவு திறந்தே இருந்தது. "விடு" என்று சொல்லி நீங்கள் பந்தைக் கொடுத்தபோது அது மூடிக்கொண்டது.

திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் உங்கள் வரிகளில் தெரிகிறது. குழப்பமாகிவிடும், இரு பயிற்சியாளர்களும் பாய்வார்கள், கடிகாரத்தை 41-க்குத் திருப்ப வேண்டியிருக்கும் என்றெல்லாம் எண்ணியிருக்கிறீர்கள். அப்படி எதுவும் தேவைப்பட்டிருக்காது. இடையில் கழிந்த நேரம் கழிந்ததுதான். இடையில் நடந்த பவுல், எடுத்த புள்ளி எல்லாம் அப்படியே நிற்கும். வெள்ளை அணிக்கு ஒரு புள்ளி சேர்த்து, ஆட்டம் நின்ற இடத்திலிருந்தே, 29 வினாடி மிச்சத்தில், யாருக்கு த்ரோ-இன்னோ அவர்களுக்குக் கொடுத்துத் தொடங்குவீர்கள். அவ்வளவுதான். மேசைக்குப் போய் ஸ்கோர் எழுதுபவரிடம் சொல்வது, இரு பயிற்சியாளர்களையும் அழைத்து ஒரே வாக்கியத்தில் விளக்குவது: "முன்பு ரத்து செய்த புள்ளி செல்லும், விதியை நான் தவறாகப் பொருத்திவிட்டேன், ஸ்கோர் 53–53." அரை நிமிட வேலை. நீல அணிக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் குறைசொல்ல இடமிருந்திருக்காது.

இறுதி முடிவு முதன்மை நடுவருடையது என்பது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரம் உடன் நடுவர் சொல்வதைக் கேட்ட பிறகு பயன்படுத்த வேண்டியது. இளையவர் ஒருவர் அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் துணிந்து வந்து சொன்னார். அவரிடம் நீங்கள் பேசிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசவில்லை என்றால் இன்றே பேசுங்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் வாய்மூடி நின்றால் இழப்பு உங்களுக்குத்தான்.

முடிவு மாறுமா?

ஃபிபாவின் புகார் நடைமுறைப்படி மாறாது. ஒரு அணி புகார் கொடுக்கக்கூடிய காரணங்கள் குறைவு: நடுவர்களால் திருத்தப்படாத ஸ்கோர் பதிவுப் பிழை, ஆட்டக் கடிகாரம் அல்லது ஷாட் கடிகாரத்தை (கூடையை நோக்கி எறிவதற்கான நேரத்தைக் காட்டுவது) இயக்கியதில் பிழை, ஆட்டத்தை ரத்து செய்வது, தள்ளிவைப்பது போன்ற முடிவுகள், வீரரின் தகுதி விதி மீறப்பட்டது. நடுவர் ஒரு விதியைத் தவறாகப் பொருத்தியது இந்தப் பட்டியலில் இல்லை. "ஸ்கோர் பதிவுப் பிழை என்று வாதாடலாமே" என்று அந்த அணியைச் சேர்ந்த யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவுப் பிழை என்பது நடுவர் கொடுத்த புள்ளியை மேசையில் எழுதாமல் விட்டது. நீங்கள் கொடுக்காத புள்ளியை அவர்கள் எழுதவில்லை. அது சரியான பதிவு.

அப்படியே காரணம் இருந்தாலும், ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் அணித்தலைவர் முதன்மை நடுவரிடம் தெரிவித்து ஸ்கோர் ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்திட வேண்டும். காரணங்களை ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். உங்கள் ஆட்டத்தில் இரண்டும் நடக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில தொடர்கள் தங்களுக்கென்று தனிப் புகார் விதி வைத்திருக்கும். தொடரின் விதித்தாளை எடுத்து அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

முடிவு மாறாது என்பதால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்களை ஆட்டத்துக்கு அனுப்பிய நடுவர் குழுவுக்கு நீங்களே முந்தி எழுதுங்கள். பயிற்சியாளரின் கடிதம் வந்த பிறகு எழுதுவது விளக்கமாகத்தான் படும். முன்பே எழுதினால் அது அறிக்கை.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

அரைப் பக்கம் போதும். கால்பகுதி, மிச்ச நேரம், ஸ்கோர், என்ன நடந்தது, நீங்கள் என்ன முடிவு கொடுத்தீர்கள், 43-வது பிரிவின்படி என்ன கொடுத்திருக்க வேண்டும், முதல் டெட் பாலில் உடன் நடுவர் சுட்டிக்காட்டியும் 44-வது பிரிவின்படி திருத்தவில்லை. இந்தக் கடைசி வரியை விட்டுவிட ஆசை வரும். விடாதீர்கள், உடன் நடுவரைக் காப்பது அந்த வரிதான். கூட்டம், சத்தம், களைப்பு எதுவும் வேண்டாம். அணிக்கு நேரடியாகக் கடிதம் எழுதுவதோ சமூக ஊடகத்தில் வருத்தம் தெரிவிப்பதோ வேண்டாம். அது குழுவின் வழியாகப் போகட்டும்.

இனி ஆட்டம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். யார் சார்பிலும் நான் உறுதி தர முடியாது. சில வாரங்கள் சிறிய ஆட்டங்கள் மட்டும் வரலாம். ஆனால் நடுவரை நியமிப்பவர்களுக்கு அதிகம் கவலை தருவது தவறு செய்தவர் அல்ல, செய்த தவறு தெரியாமலே இருப்பவர். உங்கள் அறிக்கை அந்தக் கவலையைத் தீர்க்கும்.

காலையும் கையையும் பார்ப்பது

இங்கே இரண்டு வேறு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரீபவுண்ட் இடங்களில் நிற்பவர்கள் பந்து எறிபவரின் கையை விட்டதும் உள்ளே வரலாம். எறிபவர் வரக்கூடாது, பந்து ரிங்கைத் தொடும்வரை அல்லது கூடைக்குள் போகும்வரை அவர் கோட்டைத் தொடவே கூடாது. ரீபவுண்ட் இடங்களில் இல்லாத மற்றவர்கள், எறிதல் முடியும்வரை ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்கும் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பின்னால் நிற்க வேண்டும். வயதில் சிறியவர்களின் ஆட்டத்தில் அதிகம் தவறுவது எறிபவர்தான். பலம் போதாமல் உடலையே முன்னால் தள்ளி எறிவதால் கால் கோட்டின்மேல் போய் விழும். பந்தைக் கொடுக்கும் முன் "கொஞ்சம் பின்னால் நில்" என்று ஒரு சொல் சொன்னால் பாதி மீறல்கள் குறையும்.

கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுப்பாட்டுப் பகுதியைச் சுற்றிய கோடுகள், அடிக்கோடு தவிர, அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அதனால் அந்தப் பகுதியின் பக்கக்கோட்டில் கால் பட்டாலே உள்ளே வந்ததாகத்தான் கணக்கு. கை உள்ளே நீண்டிருப்பது நுழைவு அல்ல. கால் தரையில் எங்கே என்பதுதான் கேள்வி. ரீபவுண்ட் இடங்களில் அதிகபட்சம் ஐந்து பேர், எதிரணியினர் மூவர், எறிபவரின் அணியினர் இருவர். ஒவ்வோர் இடமும் கோட்டோரமாக 85 செ.மீ., ஆழம் 1 மீட்டர். 2010-க்கு முன் இந்தப் பகுதி சரிவகமாக இருந்தது. பழைய கோடுகள் அழியாத மைதானம் என்றால் எந்தக் கோடு செல்லும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளிடமும் காட்டிவிடுங்கள்.

பார்க்கும் முறை இது. கண் காலில் இருக்கட்டும், கையில் அல்ல. கால் நகர்ந்த கணத்தில் பார்வையைப் பந்துக்குத் தூக்குங்கள். பந்து அப்போதும் எறிபவரின் கையில் இருந்தால் மீறல். காற்றில் இருந்தால் இல்லை. ஐயமாக இருந்தாலும் இல்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்து பிறகு காலுக்கு வந்தால் எல்லோருமே முந்தியது போலத்தான் தெரியும், ஏனென்றால் உங்கள் கண் வந்து சேரும்போது அவர்கள் உள்ளே இருப்பார்கள். நீங்கள் "ஐந்து பேரும் முந்துகிறார்கள்" என்று எழுதியது பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இருவர் நடுவராக நிற்கும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அடிக்கோட்டருகே நிற்பவர் எத்தனை எறிதல் என்று காட்டிப் பந்தைக் கொடுக்கிறார். பின்னால் நிற்பவர் எறிபவரின் காலையும் 5 வினாடியையும் பார்க்கிறார். ரீபவுண்ட் வரிசைகளில் யாருக்கு எது என்பதை உடை மாற்றும் அறையிலேயே பேசி முடித்துவிடுங்கள். தன் பக்கம் நிற்பவரின் முதுகைவிட, எதிரே நிற்பவரின் கால்விரல்களைப் பார்ப்பது எளிது.

எல்லாவற்றுக்கும் ஊதுவதா?

ஒருவர் "எல்லாவற்றுக்கும் ஊது" என்றும் மற்றவர் "பிள்ளைகள்தானே, விடு" என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதை நான் ஏற்கவில்லை. தவறிய கடைசி எறிதலில் தெளிவாக முந்திய கால் ஒரு ரீபவுண்டைத் திருடுகிறது. 16 வயதுப் பையனிடம் அதை விட்டுவிட்டால் 20 வயதில் அது பழக்கமாகியிருக்கும். முதலாவதிலும் பாதிதான் உண்மை. விழுந்த பந்துக்கு ஊத வேண்டியதே இல்லை என்று மேலே பார்த்தோம். எஞ்சுவது தவறிய எறிதல்கள்தான். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. முதல் கால்பகுதியில் முதல் ஃப்ரீ த்ரோவுக்கு வரிசை நிற்கும்போதே, "கையை விட்ட பிறகு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். முதல் எறிதல் விழுந்து, ஒருவர் முந்தியிருந்தால் இரண்டாவதுக்கு முன் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் முந்தினால் தயங்காமல் ஊதுங்கள், முதல் நிமிடமானாலும் கடைசி நிமிடமானாலும் ஒரே அளவில்.

கடைசியாக எறிபவரின் ஏமாற்று. பந்தைத் தட்டுவது, மூச்சு விடுவது, 5 வினாடிக்குள் நின்று யோசிப்பது எதுவும் குற்றமல்ல. எறியும் அசைவைத் தொடங்கி, மற்றவர்களை உள்ளே இழுப்பதற்காக நடுவில் நிறுத்துவதுதான் மீறல், அது அவருடையது. அதற்கு உடனே ஊதுங்கள். அவரை நம்பி உள்ளே விழுந்த எதிரணிப் பையன்மேல் கை நீட்டாதீர்கள்.